நூற்றுநாற்பதுக்குப் பத்து!

140க்கு 10!

ஒரு மாணவன் வாங்கிய மதிப்பெண் அல்ல, தோழர்களே! ஒரு நகரின் பள்ளிகள் அத்தனையும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண்! அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் மாநகரை ஒட்டிக் கிடக்கும் புறநகர் நார்மண்டி. அங்குள்ள பொதுப்பள்ளிகளைத் தராசில் வைத்து நிறுத்த மாநிலக் கல்வித்துறை 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு அது. பதின்மூன்று தலைப்புகளில் சோதித்தனர், பதினொன்றில் சுழி! ஆங்கிலத்தில் சுழி, கணிதத்தில் சுழி, அறிவியலில் சுழி, சமூகப் பாடத்தில் சுழி. எஞ்சிய இரண்டில் கிடைத்ததுதான் அந்தப் பத்து.

உடனே கிளம்பிற்று பேச்சு. “அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது” என்றனர் சிலர். “பெற்றோர் பொறுப்பற்றவர்கள்” என்றனர் வேறு சிலர். கேட்டு மாளாத பேச்சு! தகுதி, திறமை என்று நம் காதில் ஓதப்பட்ட அதே மந்திரம், ஏழு கடல் தாண்டி வேறு மொழியில் ஓதப்படுகிறது. நார்மண்டி மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர் கறுப்பின மக்களின் மக்கள் என்று சொல்லிவிட்டால், பேச்சின் வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

கல்லூரி வாசலை மிதித்தவனல்லன் நான். பள்ளி தந்த கூட்டலும் கழித்தலும் மட்டுமே என் கைமுதல். அந்தக் கைமுதலை வைத்துக்கொண்டே இந்தக் கணக்கைப் பார்ப்போம். பழைய தறியைக் கொடுத்து, நூலைப் பாதியாகக் குறைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, “முழம் குறைந்தது, எடு தண்டம்!” என்று நெசவாளியிடம் நீட்டுகிற முதலாளியை உங்களுக்குத் தெரியும். நார்மண்டியில் முழம் எத்தனை என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். நூல் எத்தனை கொடுத்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

முதலில் ஊரின் கதை.

1950இல் செயின்ட் லூயிஸ் மாநகரின் மக்கள்தொகை எட்டரை லட்சத்துக்கு மேல். மிசௌரி ஆற்றுக்கு அப்பால் இருந்த செயின்ட் சார்லஸ் வட்டாரத்தில் அன்று ஏறத்தாழ 30 ஆயிரம் பேரே இருந்தனர். அறுபது ஆண்டு கழித்து, 2010 கணக்கெடுப்பில் பாருங்கள்: மாநகரில் 3 லட்சத்து 19 ஆயிரம், ஆற்றுக்கு அப்பால் 3 லட்சத்து 60 ஆயிரம்! வெள்ளமா வந்தது? கொள்ளைநோயா புகுந்தது? இல்லை. கறுப்பர் குடிவந்தனர், வெள்ளையர் குடிபெயர்ந்தனர். பக்கத்துப் புறநகருக்குக் கறுப்பர் வந்ததும், வெள்ளையர் அதற்கு அடுத்த புறநகருக்குப் போயினர். அங்கும் கறுப்பர் வரவே, ஆற்றைக் கடந்தனர். நார்மண்டிக்குப் பக்கத்து நகரான பெர்குசனில் 1970இல் தேடிப் பிடித்தாலும் கறுப்பரைக் காண்பது அரிது. 2010இல் மூன்றில் இரு பங்கு அவர்களே.

“மனிதர் விரும்பிய இடத்தில் குடியிருக்கிறார்கள். இதில் அரசுக்கு என்ன பழி?” என்று கேட்பார் உண்டு. கேட்கட்டும்! ‘இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கமாட்டேன்’ என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்த ஊர் அது. அந்தப் பத்திரத்தை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தந்தும் வந்தன. செயின்ட் லூயிசில் ஒரு வீட்டை வாங்கிய ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தின் வழக்கில்தான், 1948ஆம் ஆண்டு, இனி நீதிமன்றங்கள் அந்தப் பத்திரங்களுக்குத் துணைபோகலாகாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் போயிற்று, பணம் போகவில்லை. கறுப்பர் வாழும் பகுதிகளைப் படத்தில் சிவப்பால் குறித்து, அங்கே வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது மத்திய அரசின் வீட்டுவசதித் துறை. வெள்ளையருக்குக் கடன் கிடைத்தது; வீடு கிடைத்தது; வீட்டின் விலை ஏறியது. கறுப்பருக்கு வாடகைச் சீட்டு! மாநகரின் நடுவே இருந்த மில் கிரீக் பள்ளத்தாக்குப் பகுதியை, நகரைச் சீரமைக்கிறோம் என்று 1959 முதல் இடித்துத் தள்ளினர். ஏறத்தாழ 20 ஆயிரம் பேர், பெரும்பாலும் கறுப்பர், மூட்டை முடிச்சுடன் வடக்கும் மேற்கும் நடந்தனர். அந்தப் பாதையில் இருந்த புறநகர்களில் ஒன்று நார்மண்டி.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1950களின் இறுதியில், வெள்ளையர் நிறைந்திருந்த அந்த நாளில், நார்மண்டி பள்ளி மாவட்டம் என்ன செய்தது தெரியுமா? சீமான்கள் கோல்ப் ஆடிய பெல்லரிவ் கிளப்பின் மைதானம் விலைக்கு வந்தபோது அதை வாங்கியது. “எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும்” என்றது. 1960இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. 1963இல் அதுவே மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூயிஸ் வளாகமாயிற்று. கல்லூரிக்கே நிலம் வாங்கித் தந்த பள்ளி மாவட்டம்! அதே மாவட்டம் 2013இல் பண நெருக்கடியில் நின்றது. பல்கலைக்கழகம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மாநில அரசின் சொத்து என்பதால் அந்த நிலத்துக்கு வரியும் கிடையாது.

வரி என்றதும் நிமிர்ந்து உட்காருங்கள். கதையின் கரு அங்கேதான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. ஊர் ஏழையா, பணக்காரனா என்று பார்த்து வருவதில்லை. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்பது நம் ஜில்லா அல்ல; ஒரு நகரோ, சில சிற்றூர்களோ சேர்ந்த சின்ன எல்லை. அதற்கென்று தனி வாரியம், தனித் தேர்தல், தனி வரி. பள்ளியின் பணத்தில் பெரும்பங்கு அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, அலுவலகக் கட்டடங்கள் மீது விதிக்கும் சொத்து வரியிலிருந்து வருகிறது. மாநிலம் கொஞ்சம் தரும். மத்திய அரசு அதைவிடக் கொஞ்சம் தரும். மேற்கொண்டு வேண்டுமானால் உங்கள் தெருவில் வசூலித்துக் கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு.

நார்மண்டிக்குச் சில மைல் தெற்கே கிளேட்டன் என்று ஒரு நகர். வட்டாரத்தின் தலைநகர் அது. வங்கிகள், வழக்கறிஞர் அலுவலகங்கள், வானளாவிய கட்டடங்கள்! அங்கே சிறு வீதத்தில் வரி போட்டாலும் பெட்டி நிறையும். நார்மண்டியிலோ பழைய சிறு வீடுகள். பல வீடுகள் காலி. அங்கே வரி வீதம் கிளேட்டனைவிட அதிகம். மாநிலத்திலேயே உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. வசூலோ குறைவு! ஏழை தன் வருவாயில் பெரும் பங்கைக் கொடுக்கிறான். அவன் பிள்ளைக்குச் சிறு பங்கு கிடைக்கிறது. பணக்காரன் சிறு பங்கைக் கொடுக்கிறான். அவன் பிள்ளைக்குப் பெரும் பங்கு கிடைக்கிறது. “பெற்றோர் பொறுப்பற்றவர்கள்” என்றார்களே, அந்தப் பொறுப்பற்றவர்கள்தான் உயர்ந்த வரி கட்டியவர்கள்!

நீதிமன்றம் தலையிடவில்லையா? தலையிட்டது. எப்படி என்று கேளுங்கள்.

கறுப்பருக்குத் தனிப்பள்ளி, வெள்ளையருக்குத் தனிப்பள்ளி என்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உலகமே போற்றிய தீர்ப்பு. அந்த வழக்கில் வாதாடி வென்றவர் தர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வழக்கறிஞர். பத்தொன்பது ஆண்டு கழித்து, டெக்சாஸ் மாநில ஏழைப் பெற்றோர் வழக்கிட்டனர்: “சொத்து வரியை வைத்துப் பள்ளி நடத்துவதால் எங்கள் பிள்ளைகள் வஞ்சிக்கப்படுகிறார்கள்” என்றனர். அரசியல் சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றது அதே உச்சநீதிமன்றம், 1973இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். மறு ஆண்டு டெட்ராய்ட் நகரத்து வழக்கு வந்தது. மாநகரில் கறுப்பர், சுற்றிலும் வெள்ளையர் என்றாகிவிட்ட நிலையில், இரண்டையும் இணைத்துப் பிள்ளைகளைக் கலக்கலாமா என்பது கேள்வி. புறநகர் மாவட்டங்கள் தவறு செய்ததாக மெய்ப்பிக்காதவரை அவற்றின் எல்லைக் கோட்டைத் தாண்டலாகாது என்பது விடை. அதுவும் ஐந்துக்கு நான்கு! அப்போது மார்ஷல் அதே நீதிமன்றத்தில் நீதிபதி. கடுமையாக மறுத்து எழுதினார். ஒரு வாக்கில் தோற்றார். 1954இல் தாம் திறந்த கதவை 1974இல் சாத்துவதை, உள்ளே உட்கார்ந்தே பார்க்க நேர்ந்த மனிதர் அவர்.

அன்று முதல் எல்லைக் கோடு புனிதமாயிற்று. கோட்டுக்குள் நிறபேதம் கூடாது; கோடே நிறத்தைப் பிரித்தால் கேள்வி இல்லை! சேரி இருந்த இடத்தில் சேரி இருக்கட்டும், சேரிக்குள் சமத்துவம் தழைக்கட்டும் என்றால் நாம் ஒப்புவோமா?

செயின்ட் லூயிசில் ஒரு விதிவிலக்கு உண்டு, மறைத்தால் நேர்மையாகாது. 1972இல் மாநகரத்துத் தாய்மார் சிலர் தொடுத்த வழக்கு, 1983இல் உடன்படிக்கையாக முடிந்தது. மாநகரத்துக் கறுப்பினப் பிள்ளைகள் விரும்பினால் வெள்ளையர் புறநகர்ப் பள்ளிகளுக்குப் போகலாம். உச்ச காலத்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர் போயினர். நாட்டிலேயே மிகப் பெரிய ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் அது மாநகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். நார்மண்டி மாநகரம் அல்லவே, புறநகராயிற்றே! ஆகவே அந்தப் பஸ் அங்கே நிற்கவில்லை. முன்னேற வேண்டும் என்று மாநகரை விட்டு வெளியேறிய குடும்பங்கள், வெளியேறிய காரணத்தாலேயே அந்த உரிமையை இழந்தன.

அடுத்து வந்தது இன்னொரு சுமை. நார்மண்டிக்குப் பக்கத்தில் வெல்ஸ்டன் என்ற சிறு பள்ளி மாவட்டம். மாணவர் ஏறத்தாழ முழுவதும் கறுப்பர். வறுமை நார்மண்டியைவிட அதிகம். அதன் பள்ளிகள் தேறவில்லை என்று 2010இல் மாநிலம் அதைக் கலைத்தது. பிள்ளைகளை எங்கே அனுப்புவது? செல்வம் கொழிக்கும் கிளேட்டன் சில மைல்தானே! அனுப்பவில்லை. ஏற்கெனவே தற்காலிக அங்கீகாரத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த நார்மண்டியின் தலையில் வைத்தனர். நீந்தத் தெரியாதவனைக் காப்பாற்ற, மூழ்கிக்கொண்டிருப்பவன் தோளில் ஏற்றினர்! இரண்டு ஆண்டு கழித்து, “நார்மண்டியும் தேறவில்லை” என்று முடிவெடுத்து, 2013 ஜனவரி முதல் அதன் அங்கீகாரத்தையும் பறித்தனர்.

அப்போதுதான் ஒரு பழைய சட்டம் விழித்துக்கொண்டது. அங்கீகாரம் இழந்த மாவட்டத்துப் பிள்ளை, அங்கீகாரம் பெற்ற பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் சேரலாம் என்கிற 1993ஆம் ஆண்டுச் சட்டம். அது செல்லும் என்று 2013 ஜூனில் மாநில உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நாற்பது ஆண்டாகத் தொடக்கூடாத கோட்டில் ஒரு சிறு துளை!

நார்மண்டியின் 4,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 1,000 பேர் அந்தத் துளை வழியே புறப்பட்டனர். எந்த மாவட்டத்துக்குப் பஸ் விடுவது என்று நார்மண்டி நிர்வாகம் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தது பிரான்சிஸ் ஹோவல் மாவட்டத்தை. எங்கே இருக்கிறது அது? ஆற்றுக்கு அப்பால், செயின்ட் சார்லஸ் வட்டாரத்தில், இருபது மைலுக்கும் தொலைவில்! அந்தத் தூரத்துக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவர், அனுப்பாவிட்டால் பணம் மிச்சம் என்று நிர்வாகம் எண்ணியதாகப் பலர் கூறினர். பெற்றோர் தயங்கவில்லை. விடியுமுன் எழுப்பினர், முகம் கழுவிவிட்டனர், இருட்டில் பஸ் ஏற்றினர். படிப்பில் நாட்டமில்லாத கூட்டம் என்றார்களே, அந்தக் கூட்டம்!

ஆற்றுக்கு அப்பால் வரவேற்பு எப்படி? 2013 ஜூலை 11 அன்று பிரான்சிஸ் ஹோவலில் கூட்டம் கூட்டினர். ஆயிரக்கணக்கில் திரண்டனர் பெற்றோர், பெரும்பாலும் வெள்ளையர். ஒலிபெருக்கி முன் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஆயுதம் கண்டறியும் கருவி பள்ளி வாசலில் வைப்பீர்களா என்றார் ஒருவர். போதைப்பொருளை மோப்பம் பிடிக்கும் நாய்கள் உண்டா என்று கேள்வி. பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்றினால் அவர்கள் வரமாட்டார்களே என்று ஒரு யோசனை. எங்கள் மதிப்பெண் சரியும், எங்கள் வீட்டு விலை விழும் என்று கவலை. “இது நிறப் பிரச்சினை அல்ல” என்று இடையிடையே பல்லவி! வரப்போகிறவர்களோ சிறுவர், சிறுமியர். கையில் புத்தகப் பை. அந்தப் பேச்சுகளை நார்மண்டிப் பிள்ளைகள் சிலரும் அதே மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டனர் என்பதுதான் நெஞ்சைச் சுடுவது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது கலவரம் எதுவும் இல்லை. பிள்ளைகள் வந்தனர்; பிள்ளைகளோடு சேர்ந்தனர்; பாடம் நடந்தது. பெரியவர்கள் அஞ்சிய பூகம்பத்தைச் சிறுவர்கள் ஒரே நாளில் பொய்யாக்கினர். ஆனால் பெரியவர்கள் மறக்கவில்லை. நிறவெறியை எதிர்ப்போம் என்று 2020இல் போட்ட தீர்மானத்தை 2023இல் நீக்கியது அதே பிரான்சிஸ் ஹோவல் வாரியம். அந்த ஆண்டு டிசம்பரில், கறுப்பின வரலாறு, கறுப்பின இலக்கியம் என்ற விருப்பப் பாடங்களையும் நிறுத்த வாக்களித்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே, பாடத்திட்டத்தை மாற்றி வைத்துக்கொள்வதாக இறங்கி வந்தது.

சரி, பணம்? அங்கேதான் சட்டத்தின் சூட்சுமம். வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணம் கட்டவேண்டியது நார்மண்டி! அதுவும் சேர்த்துக்கொள்ளும் மாவட்டத்தின் செலவுக் கணக்குப்படி. பிரான்சிஸ் ஹோவலுக்குப் பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 11 ஆயிரம் டாலர். கிளேட்டனுக்கு 20 ஆயிரம் டாலர் அளவில். பஸ் செலவும் நார்மண்டி தலையில். ஏழை மாவட்டம் பணக்கார மாவட்டத்துக்குக் கப்பம் கட்டியது! 1,000 பேர் போனதற்காக, இருக்கும் 3,000 பேரின் பள்ளியிலிருந்து காசு எடுக்கப்பட்டது. ஒரு தொடக்கப் பள்ளியை மூடினர். நூறு பேருக்கு மேல் வேலை இழந்தனர். தோழர்களே, பணிமனையில் இருந்து ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேட்டவர்கள் நீங்கள். போனவர் யார், மிஞ்சியவர் தலையில் எத்தனை வேலை ஏறும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி மிஞ்சிய பள்ளிகளை, அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் தராசில் வைத்துத்தான் 140க்கு 10 என்றனர்!

திவாலாகும் நிலை வந்ததும் மாநில அரசு என்ன செய்தது? கப்பத்தை நிறுத்தவில்லை. எல்லையை அழிக்கவில்லை. பெயரை மாற்றியது! 2014 ஜூன் 30 அன்று ‘நார்மண்டி பள்ளி மாவட்டம்’ கலைக்கப்பட்டது. ஜூலை 1 அன்று ‘நார்மண்டி பள்ளிகள் கூட்டமைப்பு’ பிறந்தது. அதே கட்டடம், அதே பிள்ளைகள். தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் போய், மாநிலம் நியமித்த வாரியம் வந்தது. ஆசிரியர்கள் தங்கள் வேலைக்குத் தாங்களே மீண்டும் விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. பலர் திரும்ப எடுக்கப்படவில்லை. “புதிய அமைப்பு ஆகையால் அங்கீகாரம் இழந்தது என்று கருதமுடியாது” என்றது மாநிலம். அங்கீகாரம் இழக்கவில்லை என்றால் இடமாற்ற உரிமையும் இல்லை! இதற்காகவே காத்திருந்ததுபோல், பிரான்சிஸ் ஹோவல் கதவைச் சாத்தியது. ஓராண்டு அங்கே படித்த பிள்ளைகள், இனி உனக்கு இடமில்லை என்ற செய்தியைக் கோடை விடுமுறையில் கேட்டனர்.

அதே கோடையில்தான், 2014 ஆகஸ்ட் 9 அன்று, பெர்குசன் நகர வீதியில் பதினெட்டு வயது மைக்கேல் பிரவுன் போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கையில் ஆயுதம் இல்லாத அந்த இளைஞர் படித்து முடித்த பள்ளி எது? நார்மண்டி உயர்நிலைப் பள்ளி! அதே ஆண்டில்தான் படிப்பை முடித்திருந்தார். தொழிற்கல்லூரி வகுப்பு தொடங்கச் சில நாட்களே இருந்தன. உலகத்தின் காமிராக்கள் எல்லாம் பெர்குசனுக்கு ஓடின. தீப்பிடித்த கடையைப் படம் எடுத்தனர். கண்ணீர்ப்புகையைப் படம் எடுத்தனர். சில மைல் தொலைவில் இருந்த பள்ளியின் வரவு செலவுக் கணக்கைப் படம் எடுத்தவர் மிகச் சிலர்.

பெற்றோர் சளைக்கவில்லை. நீதிமன்றம் ஏறினர். பெயர் மாற்றத்தால் தரம் மாறிவிடாது என்ற சாதாரண உண்மையை ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டார்; அந்த ஆகஸ்டிலேயே வழக்குத் தொடுத்த பிள்ளைகள் திரும்பச் சேர வழி பிறந்தது. 2015 பிப்ரவரியில், கூட்டமைப்பும் அங்கீகாரம் இல்லாததே என்று தீர்ப்பாயிற்று. வழக்குப் போட வசதியும் துணிவும் உள்ள பெற்றோருக்கு வாய்த்த வெற்றி. இரண்டு வேலை பார்த்து, நீதிமன்றம் போக ஒரு நாள் விடுப்புக் கிடைக்காத தாயின் பிள்ளை இருந்த இடத்திலேயே இருந்தது.

2017 டிசம்பரில் நார்மண்டிக்குத் தற்காலிக அங்கீகாரம் தர மாநில வாரியம் முடிவு செய்தது. ஆசிரியரும் மாணவரும் பட்ட பாட்டுக்குப் பலன், கைதட்டுவோம். ஆனால் அந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தை மீண்டும் ஒருமுறை புரட்டுங்கள். அங்கீகாரம் இழந்த மாவட்டத்துப் பிள்ளைக்குத்தான் ஆற்றைக் கடக்கும் உரிமை. அங்கீகாரம் வந்ததும் அந்த உரிமை முடிந்தது. மதிப்பெண் சிறிது ஏறியது, துளை அடைபட்டது. எல்லைக் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது. வரிப் புத்தகத்தில் நார்மண்டிக்கு ஒரு பக்கம், கிளேட்டனுக்கு வேறு பக்கம்.